ஐந்து இடத்தில் ஒரு கட்டுரை

போடிநாயக்கனூர்
6 மே 2025

முத்துப்பிரியாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். கீழே அப்பாவின் உரக்கடையில் எந்நேரமும் ஆள் நிற்கிறது. மாடியில் மகள் கத்துவது கேட்டால் வியாபாரத்துக்கு நல்லதில்லை. உன் தோட்டத்திலோ டவர் கிடையாது. அதனால்தான் காகிதம். பாண்டித்துரை அண்ணன் ஜீப்பு குரங்கணி ஏறும்போது கொண்டுவந்து தருவார். ‘நீங்கள்’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். மூன்று வரிக்கு மேல் கை வரவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று ராசிங்காபுரத்திலிருந்து ஜக்கையன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். மஞ்சப்பை நிறையத் திராட்சை இலை. கவாத்து முடிந்து இப்போதுதான் துளிர்த்த பந்தலாம். இலையும் பூங்கொத்தும் ஓரத்திலிருந்து கருகிக்கிடந்தன. அரை ஏக்கர். என்ன அடித்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, போர்டோ கலவை, துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த மருந்து, போனில் பார்த்துத்தான் கலக்கினேன் என்று போனை நீட்டினார். அப்பா என்னை இறங்கி வரச் சொன்னார்.

போன செப்டம்பரில் நீ நம் இணையதளத்துக்கு எழுதிய ஏலக்காய் அழுகல் கட்டுரை அது. “நாங்கள் துருசு என்போம், கீழே இறங்கினால் மயில்துத்தம் ஆகிவிடும்” என்று நீ எழுதிய வரி அப்படியே இருக்கிறது. ஆனால் தளம் வேறு. உன் பெயர் இல்லை, ‘நமது நிருபர்’ என்று போட்டிருக்கிறது. கத்தியை முக்கிப் பார்க்கச் சொல்லும் பத்தியும் இல்லை. சுண்ணாம்பு போதாமல் துத்தம் மிஞ்சி நின்றால் இலை கருகும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

பிறகு நான் தேடிப் பார்த்தேன். நம்மையும் சேர்த்து ஐந்து இடத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. தேடினால் முதலில் வருவது நிருபர் தளம். நாம் இரண்டாம் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில். இதில் வேடிக்கை, மூன்று வாரம் முன்பு அவர்கள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். எங்கள் கட்டுரையைத் திருடிப் போட்டிருக்கிறீர்கள், உடனே எடுங்கள் என்று. ஏதோ ஏமாற்று வேலை என்று நானும் விட்டுவிட்டேன்.

யாருக்கெல்லாம் கொடுத்தாய்? மலையில் மழைக்கு முந்தின மருந்தடிப்பு இன்னும் மூன்று வாரத்தில் தொடங்கும். அதற்குள் அந்தப் பத்தி இல்லாத கட்டுரை எங்கும் இருக்கக் கூடாது. பதில் எழுது.

ஷெர்லின்


குரங்கணிக்கு மேலிருந்து
9 மே 2025

ஷெர்லின்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. ஜக்கையன் யார் தெரியுமா? எங்கள் அம்மா வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. கல்யாணத்தன்று என் பெட்டியைத் தலையில் வைத்து ஜீப்பு வரைக்கும் தூக்கிவந்தவர். அது நினைவுக்கு வந்தபிறகு கோபம் போய்விட்டது.

கொடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்று பேருக்கு, ஒன்பது கட்டுரை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நாம் இருவரும் கல்லூரி முடித்து ஆரம்பித்த தளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி அனுப்புவேன், நீ மூன்று வாரம் கழித்து ஏற்றுவாய். முந்நூறு பேர் படிப்பார்கள். அதில் பாதிப் பேர் உன் சொந்தக்காரர்கள். அந்த மூன்று பேரும் வாங்கிய அன்றைக்கே போட்டார்கள். ஒரு கட்டுரையை எட்டாயிரம் பேர் படித்தார்கள் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கட்டுரை, நான் எழுதியது, நான் யாருக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். இன்னமும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. கத்தியை முக்கும் பத்தி என்கிறாயே, அப்படி ஒன்றை நான் எழுதவே இல்லையே. எங்கள் தோட்டத்தில் கத்தியை முக்கிப் பார்க்காமல் ஒருவரும் மருந்தடிக்கும் பம்பைத் தோளில் ஏற்ற மாட்டார்கள். கலவை தயாரானதும், தோட்டத்தில் வேலை பார்க்கிற மகாராணி அக்கா இடுப்பில் இருக்கிற கவாத்துக் கத்தியை உருவி, கல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்து உள்ளே விடும். கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால், ஏறாவிட்டால் அடிக்கலாம். பேச்சை நிறுத்தாமலே செய்யும். அதைப் போய் எழுதுவது, சாப்பிடுமுன் கை கழுவு என்று எழுதுவது மாதிரி என்று விட்டுவிட்டேன்.

நான் எழுதாதது நம் தளத்தில் எப்படி வந்தது?

முத்துப்பிரியா


போடிநாயக்கனூர்
11 மே 2025

பிரியா,

நான்தான் சேர்த்தேன்.

டிசம்பரில் போடிமெட்டுப் பக்கம் புதிதாகத் தோட்டம் எடுத்த ஒருவர் கட்டுரைக்குக் கீழே கேள்வி போட்டிருந்தார். கலவை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று. அப்பாவிடம் கேட்டேன். அவர் கத்திச் சோதனையைச் சொன்னார். ஐந்து வரி எழுதி நடுவில் செருகிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் உன் கட்டுரையில் ஒரு வாக்கியத்தை மாற்றியதற்கு நீ பத்து நாள் பேசாமல் இருந்தாய், அந்தப் பயம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்தும் போனேன்.

அதைச் சேர்த்தபோது இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. பக்கத்தின் தேதி டிசம்பருக்கு மாறிவிட்டது. நிருபர் தளத்தில் இருப்பது நவம்பர். பார்க்கிறவன் கண்ணுக்கு அவன் முந்தியவன், நான் திருடி. தேடுகிற எந்திரத்துக்கும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது.

நீ கொடுத்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மூவருக்கும் எழுதியிருப்பேன். நான் சேர்த்ததைச் சொல்லியிருந்தால் நீ எழுதியிருப்பாய். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்த நாற்காலியில் இருந்துதான் எழுதுகிறேன்.

சண்டையை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது நீ கொடுத்த மூவரையும் பிடி. நிருபர்காரரை நான் பார்க்கிறேன். அந்த ஐந்து வரியை இதோடு எழுதி வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்து. இந்தத் தடவை நானும் கோபப்பட மாட்டேன்.

ஷெர்லின்


குரங்கணிக்கு மேலிருந்து
16 மே 2025

ஷெர்லின்,

உன் ஐந்து வரியில் ஒரே ஒரு திருத்தம். ‘கத்தி’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். வீட்டுக் கத்தியெல்லாம் இப்போது துருப்பிடிக்காத இரும்பு. அதில் காட்டாது. சாதா இரும்பாக இருக்க வேண்டும், தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். பார்த்தாயா, நீயும் ஒன்றை விட்டிருக்கிறாய். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மன்னித்துக்கொள்.

நான்கு நாளாகக் காலையில் பால் கறந்ததும் டவர் கிடைக்கிற பாறைக்கு ஏறிவிடுகிறேன். மாமியார் என்ன நினைக்கிறார்களோ. முதல் ஆள் கம்பத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி. கேட்ட அன்றே பத்தியைச் சேர்த்து, திருத்தப்பட்டது என்று மேலேயும் போட்டுவிட்டார். இரண்டாவது ஒரு செயலி. அதில் மனிதர்களே இல்லை, படிவம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று தடவை நிரப்பினேன். நேற்று மாற்றியிருந்தார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். அதை நடத்திய பையன் வேலை கிடைத்துத் துபாய் போய்விட்டான். தளத்தின் கடவுச்சொல் மறந்துபோய்விட்டதாம். “அக்கா, அது அப்படியே கெடக்கட்டும், யாரு பாக்கப்போறா” என்கிறான். எட்டாயிரம் பேர் என்று என்னிடம் பீற்றிக்கொண்டவன் இவன்தான்.

நிருபர் தளத்துக்கு நான் கொடுக்கவே இல்லை, ஷெர்லின். இந்தத் துபாய்க்காரன் தளத்திலிருந்துதான் அவர்கள் எடுத்திருக்க வேண்டும். அவன் போட்டிருந்த எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது. நான் மூன்று பேருக்குக் கொடுத்தேன், அது நாலாவது ஆளிடம் தானாகப் போயிருக்கிறது. இன்னும் எங்கெங்கே இருக்கிறதோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஜக்கையன் சித்தப்பா எப்படி இருக்கிறார்? கடைக்கு மறுபடி வந்தாரா?

முத்துப்பிரியா


போடிநாயக்கனூர்
18 மே 2025

பிரியா,

இரும்புக் கத்தித் திருத்தம் போட்டாயிற்று. அப்பா படித்துவிட்டு, “அந்தப் பிள்ள சொல்றதுதான் சரி” என்றார். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு மகளாக இருக்கிறேன், என்னை அப்படிச் சொன்னதில்லை.

நிருபர்காரர்கள் பதிலே போடவில்லை. அந்தத் தளத்துக்கும் துபாய்க்காரன் தளத்துக்கும் இணையத்தில் இடம் வாடகைக்குக் கொடுத்திருக்கிற நிறுவனங்களுக்கு எழுதினேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில். கட்டுரையை எழுதியவர் தன் கையெழுத்தோடு உறுதிமொழி தர வேண்டும். இதை எழுதியது நான், இன்ன தேதியில் இன்ன இடத்தில் முதலில் வந்தது, அங்கே இருக்க என் அனுமதி இல்லை என்று. வெறும் தளக்காரி எழுதினால் செல்லாது. தேதி வேறு நமக்கு எதிராக இருக்கிறது.

இதில் உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த உறுதிமொழியை நிருபர்காரர்களுக்கும் அனுப்புவார்கள். அவர்கள் அதை அப்படியே தளத்தில் போட்டாலும் போடலாம். இதுவரை அந்தக் கட்டுரைக்கு அங்கே ஆள் இல்லை. நீ கையெழுத்துப் போட்டால், பந்தல் கருகக் காரணமானது உன் எழுத்து என்று நீயே சொன்னதாக ஆகும்.

ஜக்கையன் இரண்டு தடவை வந்தார். எழுதினது யார் என்று கண்டுபிடித்துக் கொடு என்கிறார். “எவன் எழுதுனானோ அவன் கையில கெடச்சா, அந்தக் கருகுன கொடியிலயே கட்டி வச்சுருவேன்” என்றார். உன் பெயரை நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அவர் போன பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஷெர்லின்


குரங்கணிக்கு மேலிருந்து
21 மே 2025

ஷெர்லின்,

என்னால் முடியாது. அம்மா தனியாக அந்தத் தெருவில் இருக்கிறாள். சித்தப்பா வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள். என் கட்டுரை வந்த செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லி, போனை நீட்டிப் படிக்கச் சொன்னவள் அவள்தான். ஒருவேளை சித்தப்பாவுக்குப் போனில் கட்டுரை தேடுகிற பழக்கமே அவளால்தான் வந்ததோ என்னவோ.

ஆறு மாதமாக, என் பெயரை எடுத்துவிட்டான் பாவி என்று அந்த நிருபர்காரனைத் திட்டியிருப்பேன், தெரிந்திருந்தால். இப்போது பெயர் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று மனசு சொல்கிறது. இப்படி நினைக்கிறேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன். போனில் இருப்பதை அழிக்க முடியாவிட்டால் போகட்டும். துத்தம் வாங்காமல் யாரும் கலவை போட முடியாது. அந்த ஐந்து வரியைத் துண்டுச் சீட்டாக அச்சடித்து, உன் கடையில் விற்கிற ஒவ்வொரு துத்தப் பொட்டலத்திலும் குண்டூசியால் குத்தி விடு. மற்ற கடைகளுக்கும் கொடு. இங்கே ஜீப்புக்காரர்களிடம் நான் கொடுக்கிறேன். அது போதாதா?

முத்துப்பிரியா


போடிநாயக்கனூர்
24 மே 2025

பிரியா,

சீட்டு அடித்தாயிற்று, ஆயிரம். அப்பா கல்லாவில் உட்கார்ந்து அவரே குண்டூசியால் குத்துகிறார். பக்கத்துக் கடைகள் இரண்டிலும் வாங்கிக்கொண்டார்கள். நல்ல யோசனை. பாண்டித்துரை அண்ணனிடம் இருநூறு கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நேற்று போடிமெட்டிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். துத்தம் ஏற்கெனவே கேரளா பக்கம் வாங்கியாயிற்றாம். சுண்ணாம்பு மட்டும் கேட்டார்கள்; எங்களிடம் கிடைப்பது நீற்றின தூள்தான், அதற்கு வீரியம் குறைவு என்று சொல்லியும் அதுவே போதும் என்றார்கள். கையில் போன். அதே நிருபர் கட்டுரை. நான் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் என் கடைக்கு வந்ததால் தப்பித்தார்கள். வராதவர்களை என்ன செய்வது? மழையும் முந்திக்கொண்டது. எல்லாரும் அவசரமாக மருந்து கலக்குகிறார்கள்.

இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன். உறுதிமொழித் தாள் இரண்டும் இதோடு இருக்கின்றன. போடுவதும் போடாததும் உன் இஷ்டம். கூட இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அது என்னுடையது. டிசம்பரில் குறை தெரிந்தும் எழுதியவளுக்குச் சொல்லாமல் நானே ஒட்டுப் போட்டேன், தேதி மாறியது என் கையால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அனுப்பினால் இரண்டையும் சேர்த்து அனுப்பு. உன் பெயர் மட்டும் தனியாக நிற்க வேண்டாம்.

ஷெர்லின்


குரங்கணிக்கு மேலிருந்து
25 மே 2025

ஷெர்லின்,

நேற்று நீ கொடுத்தனுப்பிய மூன்று தாளையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. மகாராணி அக்கா வந்து என்ன தாள் என்று கேட்டது. சொன்னேன். “நீ எழுதுனதுதான? பொறவு என்ன?” என்று கேட்டுவிட்டுச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். படம் எடுத்து அனுப்ப வேண்டியது உன் பொறுப்பு. நான் நாளைக் காலை ஜீப்பில் இறங்கி ராசிங்காபுரம் போகிறேன். சித்தப்பா வேறு யார் சொல்லியும் தெரிந்துகொள்ளக் கூடாது.

பயமாக இருக்கிறது.

பிரியா


போடிநாயக்கனூர்
5 ஜூன் 2025

பிரியா,

நிருபர் தளத்தில் கட்டுரை இல்லை. திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். துபாய்க்காரன் பக்கம் நேற்றுப் போயிற்று. தேடிப் பார்த்தேன். முதலில் கம்பம் ஆசிரியை, அடுத்து நாம். அந்த அம்மாள் தன் பக்கத்தில் ‘முதலில் இங்கே வந்தது’ என்று நமக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறார். கொடுக்கிறதானால் இப்படிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

உன் மற்ற எட்டுக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

ராசிங்காபுரம் போன சேதி ஒன்றும் எழுதவில்லையே. ஜக்கையனும் கடைப் பக்கம் வருவதில்லை. பாண்டித்துரை அண்ணனைக் கேட்டால், உன் முகத்தைப் பார்த்ததாகவும் கேட்கத் தைரியம் வரவில்லை என்றும் சொல்கிறார். எழுது.

ஷெர்லின்


குரங்கணிக்கு மேலிருந்து
20 ஜூலை 2025

ஷெர்லின்,

உன் ஜூன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத ஒன்றுமே இல்லாததால்.

அன்றைக்குப் போனபோது சித்தப்பா பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எழுதியது நான், விட்டுப்போனதும் என்னால்தான் என்று நின்றபடியே சொன்னேன். அவர் திட்டவில்லை. மோட்டாரை நிறுத்தினார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம் என்று ஜீப்பு ஏறும்வரை அழுதேன். அதற்குப் பிறகு அம்மா தண்ணீருக்குத் தெருமுனைக் குழாய்க்குப் போக ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை, இவளுக்குத்தான் கூச்சம்.

போன செவ்வாய்க்கிழமை பாண்டித்துரை அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். சித்தப்பா மறுபடி கவாத்துப் பண்ணித் துளிர் வந்துவிட்டதாம். மருந்து அடிக்க வேண்டும், கலக்குவதற்கு என்னை வரச் சொன்னாராம். மறுநாளே போனேன். பந்தல் முழுக்கக் கைவிரல் நீளத்துக்குப் பச்சை.

நான் கலக்கினேன். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை முக்கி எடுத்தால் செவேலென்று இருந்தது. சுண்ணாம்பு பழசு. இன்னும் பால் ஊற்றி, கத்தியைத் தேய்த்து, மறுபடி முக்கினேன். இரண்டாவது தடவையும் லேசாகச் சிவப்பு. மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. கத்தியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேசினார், ஏழு வாரம் கழித்து.

“ஆத்தா, இதச் சொல்லாம விட்டுட்டியே” என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார்.

அடித்து முடித்து, சித்தி சோறு போட்டார்கள். சாப்பிடும்போது அவரே சொன்னார், அந்தக் கட்டுரையில் தன் சங்கதியையும் சேர்க்க வேண்டுமாம். நான் எழுதினால் படிப்பதோடு சரி, பட்டவன் சொன்னால்தான் ஆள் நின்று கேட்கும் என்றார். பெயரும் ஊரும் போட வேண்டும் என்றார், அதில் பிடிவாதமாக இருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, நீயும் மாற்றாதே. நம் தளத்தில் மட்டும் போடு. வேறு யாராவது கேட்டால் இணைப்புக் கொடுப்போம், கட்டுரையைக் கொடுக்க வேண்டாம். என் பெயருக்குக் கீழே இது வரட்டும். அம்மா மறுபடி அவர்கள் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள்.

பிரியா

“எம் பேரு ஜக்கையன், ராசிங்காபுரம். அரை ஏக்கர் பன்னீர் திராட்சை. போன்ல பாத்துக் கலந்து அடிச்சேன், மூணே நாள்ல பந்த கருகிப்போச்சு. எழுதுனது ஆருன்னு தேடுனேன், பேரு இல்ல. திட்டக்கூட ஆளு இல்ல. பொறவு எழுதுன பிள்ளையே நேர்ல வந்து நாந்தான்னு சொல்லுச்சு. அதே பிள்ளதான் மறுவாட்டி வந்து கலந்து குடுத்துச்சு, இப்பத் துளிரு நல்லா இருக்கு. கலந்தா இரும்புக் கத்திய முக்கிப் பாருங்க. சந்தேகம்னா இந்தப் பிள்ளயக் கேளுங்க, இல்லாட்டி எங்கிட்டக் கேளுங்க. எழுதுனவுக பேரு இல்லாத எதையும் பாத்துச் செடியில அடிக்காதீங்க.”